கரப்புக்குள் கண்டியார்

கதிர்காமத்தம்பியை நல்ல வேளாண்மைக்காரர் என்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. அவர் கட்டிய வரம்பு கோணிக்கொண்டு போகும். புல்லுப் பிடுங்கப் போனால் பாதியில் வயல் குடிசையான வாடிக்குத் திரும்பி, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்திருப்பார். நிலச் சொந்தக்காரரான போடியார்மாரின் வயல்களைப் பொறுப்பெடுத்துச் செய்யும் முல்லைக்காரர் வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நிறையவே இருந்தார்கள். ஆனால் வட்டை என்று சொல்லும் அவர்களுடைய வயல்வெளியில், அத்தனை வயலுக்கும் சேர்த்து முதல் பிடி விதையை எறிவது அவர்தான்.

இது வந்த விதம் எளிமையானது. ஒரு வருடம் முதல் பிடி எறிய வேண்டியவருக்குக் காய்ச்சல். பக்கத்தில் சும்மா நின்றவர் கதிர்காமத்தம்பி. விதைப்பெட்டியை அவர் கையில் திணித்தார்கள். அந்த வருடம் மழை காலத்துக்குப் பெய்தது. பூச்சி வரவில்லை, யானை வரவில்லை, ஆமியும் வரவில்லை. வெள்ளாமை வரம்பை மூடி விளைந்தது. இவ்வளவுக்கும் காரணம் ஒரு மனிதனின் வலது கை என்று முடிவெடுக்க வட்டைக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. காரணம் தேடும் மனிதர்கள் அதிக தூரம் போவதில்லை. எட்டிய தூரத்தில் ஒன்று கிடைத்தால் அதையே காரணமாக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அதன் பிறகு புதுக் கிணற்றுக்கு முதல் மண்ணை வெட்டவும், கன்றுக்கு முதல் கயிறு போடவும் அந்தக் கையைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது கையைத்தான், அவர் கூடவே போய்வந்தார். இடம்பெயர்ந்து கோயில் மண்டபத்தில் எல்லோரும் ஒன்றாகப் படுத்திருந்த நாட்களிலும், அவருக்கு ஒதுக்கியிருந்த மூலையில் மழை ஒழுகாது. வாழ்க்கையில் வேறு எந்தப் பெருமையும் கிடைக்காத மனிதர் அவர். அந்த ஒரு பிடி விதைதான் அவருடைய மரியாதை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். வைகாசி முடிகிற நேரத்தில் காத்தான்குடி நெல் யாவாரி அப்துல் மஜீத் குருக்கள்மடத்துத் துறையில் பாதை ஏறினார். ஆட்களையும் சைக்கிள்களையும் மாடுகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்தப் பெரிய மிதவைக்குப் பெயர்தான் பாதை. தொண்ணூறாம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு மஜீத் படுவான்கரையில் கால் வைப்பது அதுவே முதல் தடவை. நெஞ்சோடு எதையோ அணைத்துப் பிடித்து, பழைய சாரன் துண்டால் மூடியிருந்தார். இறங்குதுறைத் தேநீர்க் கடையில் கதிர்காமத்தம்பியும் இன்னொரு முல்லைக்காரரான கோணாமலையும் இருந்தார்கள்.

"என்ன காக்கா, பச்சப்பிள்ளையையா மூடிக்கொண்டு வாறீங்க?" என்றார் கோணாமலை. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பிள்ளைதான். துறையில ஆமிக்காரன் திறந்து பாத்தான். பாத்திட்டு, துவக்க ஒரு பக்கம் சாத்தி வெச்சிட்டு மணந்து பாக்கான். கண்டிப் பக்கத்துப் பொடியனாம். அவன்ட உம்மாவும் வளக்குதாம். தண்ணி கனக்க ஊத்து எண்டானா, ஊத்தாத எண்டானா, என்னமோ சொன்னான். என்ட சிங்களம் யாவாரத்துக்குக் காணும், பூக்கண்டுக்குக் காணாது."

மஜீத் துண்டை எடுத்தார்.

கறுப்புப் பிளாஸ்டிக் சாடி. தடித்த நாலைந்து இலைகள். நடுவிலிருந்து வளைந்து போன ஒரு தண்டில் வரிசையாக வெள்ளைப் பூக்கள், பறக்கப் போகிறவை கடைசி நிமிடத்தில் யோசித்து நின்றுவிட்டதைப் போல. கதிர்காமத்தம்பிக்குத் தலை கிறுகிறுத்தது. வெறும் வயிற்றில் கள்ளுக் குடித்ததைப் போல இருந்தது என்று பிறகு மனைவியிடம் சொன்னார். வெறும் வயிற்றில் எப்போது குடித்தீர்கள் என்று அவள் கேட்டது வேறு விஷயம்.

"என்ட பொஞ்சாதி நஸீறாவுக்கு எண்டு கண்டியில வாங்கின. அவ சொல்றா, தின்னவும் ஒண்ணா, மணமும் இல்ல, இத வெச்சி நான் என்ன செய்யிற எண்டு. மறுகாத்தான் உங்கட கைய நினைச்ச மச்சான்," என்றார் மஜீத்.

"பேர் என்ன?"

"ஓர்கிட். அதிலயும் இது அந்துப்பூச்சி ஓர்கிட்டாம். பாருங்களன், செட்டைய விரிச்ச மாதிரி."

கடைக்காரர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அந்து என்பது குதிருக்குள் புகுந்து நெல்லைச் சப்பையாக்கிவிட்டுப் போகும் பூச்சி. நெல்லை நம்பிச் சீவிக்கும் ஊரில் அதன் பெயரை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"மெதுவாக் காக்கா," என்றார் கதிர்காமத்தம்பி. "பின்னால நெல்லு மூட்டை கிடக்கு."

கோணாமலை பூவை நன்றாகச் சுற்றிப் பார்த்தார். நூல் பிடித்ததைப் போல வரம்பு கட்டுகிற மனிதர். உண்மையைச் சொன்னால் அந்த வட்டையின் சிறந்த வேளாண்மைக்காரர் அவர்தான். அதற்காக யாரும் அவர் கையில் விதைப்பெட்டியைக் கொடுத்ததில்லை.

"பூத்துக் கிடக்கிறத வெச்சிருக்கக் கை என்னத்துக்கு?" என்றார். "இது உதிரும். உதிர்ந்தா மறுகா உங்கட கையில திரும்பப் பூக்கட்டும் மச்சான், மாரி விதைப்புக்கு முதல். பூத்தா நான் சாகிற வரைக்கும் வாய் திறக்க மாட்டன். பூக்காட்டி இந்த முறை முதல் பிடி என்ட."

புத்தியுள்ளவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். கதிர்காமத்தம்பி அப்போது பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூக்கும்," என்றார். "காக்கா சாட்சி."

வீட்டுக்குக் கொண்டுபோனதும் இன்னொரு அனுமதி தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கணவன் அங்கே வந்து சேர்ந்தவன். ஆச்சிப்பிள்ளை கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாடியைப் பார்த்தாள்.

"இவர் ஆர்?"

"கண்டியில இருந்து வந்திருக்கார்."

"எத்தின நாளைக்கு?"

இப்படித்தான் அதற்குக் கண்டியார் என்ற பெயர் வந்தது. பெயர் வந்த கையோடு சட்டமும் வந்தது. நெற்கதிரைக் குவித்துச் சூடு மிதிக்கும் களவெட்டியில் பேசுவதற்கென்று ஒரு முறை உண்டு. அங்கே நெல்லை நெல் என்று சொல்ல மாட்டார்கள், பொலி என்பார்கள். எருதை வாரிக்காலன் என்பார்கள். குறைந்தது, முடிந்தது, இல்லை என்ற சொற்கள் வாயில் வரக் கூடாது. வந்தால் பொலிக்கு ஆசைப்பட்டு ஒட்டுக்கேட்கும் பேய்பிசாசுக்கு வழி திறந்ததாகிவிடும். கதிர்காமத்தம்பி இந்தச் சட்டத்தைத் தன் வளவுக்குள் கொண்டுவந்து, வேலி வாசலான கடப்பு வரை செல்லுபடியாகும் என்று அறிவித்தார். அந்து என்ற பெயர் எடுக்கக் கூடாது. பூ என்றும் சொல்லக் கூடாது. வாடல், அழுகல், உதிர்வு, ஒன்றும் கூடாது. கெட்டது எதையாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் நல்லதாகச் சொல்ல வேண்டும்.

"இலை மஞ்சளாப் போனா?" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"பொன் வெச்சிருக்கார் எண்டு சொல்லு."

"செத்தா?"

"ஆச்சி."

"சரி சரி. ஊருக்குப் போயிட்டார்."

மஜீத் பாதி கேட்டுவந்த புத்திமதியில் அவருக்கு மிஞ்சியது தண்ணீர் என்ற ஒரு சொல்தான். அதை வைத்து அவர் செய்தது அவருக்குத் தெரிந்த ஒரே காரியம். பெரிய பேசினில் வயல் சேற்றைக் கொட்டி, விளிம்பில் சின்னதாக வரம்பு கட்டி (அதுவும் கோணல்), நடுவில் சாடியை இறக்கி, தண்ணீரைக் கணுக்கால் அளவுக்கு நிறுத்தினார். பயிருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? காலையில் எழுந்து பல் விளக்குமுன் பேசினைச் சுற்றி ஒரு நடை. மத்தியானம் ஒரு நடை. நண்டு துளை போட்டிருக்கிறதா என்றும் பார்த்தார்.

கண்டியார் பொன் வைக்கத் தொடங்கினார். முதலில் கீழ் இலை, பிறகு அடுத்தது. சாடியிலிருந்து ஒரு வாடை வந்தது. ஆச்சிப்பிள்ளை இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் அவர் வயலுக்குப் போனதும் பேசினைக் கவிழ்த்துவிட்டாள். சாடிக்குள் கறுத்து நைந்திருந்த வேர்களைக் கத்தியால் சீவி எறிந்தாள். சாம்பல் தட்டிய அடுப்புக் கரியும் தேங்காய்த் தும்புமாகப் போட்டு நிரப்பினாள். கோழி எட்டக் கூடாது. ஆகவே மீன் மேல் கவிழ்த்துப் பிடிக்கிற பழைய பிரம்புக் கரப்பு ஒன்றை மாமரக் கொப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டு அதற்குள் வைத்தாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியாது என்பதுதான் பதில். அழுகினால் சீவ வேண்டும், நனைந்தால் உலர்த்த வேண்டும் என்பதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

திரும்பி வந்தவர் கரப்பைப் பார்த்தார்.

"கண்டியார் மாடி வீடு கேட்டார்," என்றாள்.

மாடி வீட்டில் கண்டியார் தேறினார். கதிர்காமத்தம்பியின் நிலைதான் மோசமாகிக்கொண்டு போனது. மரத்தடியில் நின்று தனக்குள் சிரித்தார். இலையில் தூசு இருந்தால் சாரன் நுனியால் துடைத்தார். மீன் கழுவிய தண்ணீரை ஒரு நாள் தெளித்தார், சுற்றுவட்டாரத்துப் பூனைகள் அத்தனையும் மாமரத்தில் ஏறிவிட, அவற்றோடு சமாதானம் பேசி இறக்க ஒரு பின்னேரம் போனது. கோயிலில் சுவாமி தூக்கும்போதுகூட அவர் கண் மாமரப் பக்கம் இருந்ததாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் ஒரு செடியின் முன் இப்படி ஆவதைக் காதல் என்று சொல்லலாமா என்று யோசித்தால், சொல்லாமல் விடுவதற்கு நியாயம் ஒன்றும் அகப்படவில்லை.

"நான் பிள்ளை பெத்துக் கிடக்கக்கொள்ள இந்தப் பார்வை பாக்கல்ல," என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"நீ கரப்புக்குள்ள கிடக்கல்லயேகா."

ஆடியில் வெள்ளை ஒவ்வொன்றாக இறங்கியது. கடைசியும் இறங்கிய அன்று வளவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அனுமதியில்லை. கோணாமலை மட்டும் வேலிக்கு வெளியே, சட்டம் செல்லுபடியாகாத இடத்தில் சைக்கிளை நிறுத்தி, "என்ன மச்சான், மரம் மொட்டையாக் கிடக்கு," என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை கதிர்காமத்தம்பி மாமரத்தடியிலிருந்து கூப்பிட்ட சத்தத்தில் ஆச்சிப்பிள்ளை அகப்பையோடு ஓடிவந்தாள். அடியிலையின் கக்கத்திலிருந்து ஏதோ ஒன்று மூக்கை நீட்டியிருந்தது. பச்சை நுனி. ஈரமாக மினுங்கியது.

"வந்திட்டு," என்றார்.

அன்றைக்கே அவர் சைக்கிளில் வட்டை முழுவதும் போனார். வாய்க்கால் கட்டில் நின்றவர்களுக்குச் சொன்னார். இறங்குதுறைக் கடையில் எல்லோருக்கும் தேநீர் சொன்னார். பாதை தள்ளுகிறவர்கள் அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அக்கரையிலிருந்து பஸ்ஸில் ஏறிக் காத்தான்குடிக்குப் போன செய்தி, விதைப்பு நாளில் காக்கா வருகிறார் என்ற பதிலோடு திரும்பி வந்தது. வளவுக்கு ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கோணாமலைகூட வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அன்றிரவு சாப்பிடவில்லை என்று அவர் மனைவி ஆச்சிப்பிள்ளையிடம் சொன்னாள்.

நாட்கள் போகப் போக ஆச்சிப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பழைய தண்டு மேல் நோக்கி வளைந்து, கணுக் கணுவாக இருந்தது. இது கீழ் நோக்கிப் போகிறது. கணுவே இல்லை. நுனி மட்டும் பச்சை. மற்றதெல்லாம் சாம்பல் வெள்ளை, அவள் சீவி எறிந்தவற்றில் அழுகாமல் கிடந்த ஒன்றிரண்டைப் போல. அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதைச் சொல்ல வாய் இல்லை. இது அது இல்லை என்று சொல்வதற்கே இல்லை என்ற சொல் வேண்டும். அந்தச் சொல் கடப்புக்கு வெளியே நின்றது.

"இஞ்ச பாருங்க," என்று தொடங்கினாள். "கண்டியார் கீழ பாக்கிறாரே."

"கதிர் வேறெங்ககா பாக்கும்? பாரம். முத்தின கதிர் எல்லாம் கீழதான் பாக்கும்."

ஆயுள் முழுவதும் நெல்லைப் பார்த்த கண்ணுக்குத் தலை குனிவது நல்ல சகுனம்.

இன்னொரு நாள், "இன்னும் ஒண்டு கிளம்புது," என்றாள், இன்னும் கவலையாக.

"ரெண்டு கதிர்," என்று அவர் மரத்தைச் சுற்றி ஒரு நடை ஆடினார். வயலுக்குப் போகும் வழியெல்லாம் பாடினார். நல்ல குரல் என்று சொல்ல முடியாது.

அவளாக வேலிக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை கடப்பு வரை கூட்டிக்கொண்டும் போனாள். அங்கே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, உப்பு வாங்கி வாருங்கள் என்று சொல்லித் திரும்பினாள்.

புரட்டாசியில் நல்ல நாள் பார்த்தார்கள். விடிந்ததும் வட்டைக்காரர்கள் எல்லோரும் முதலில் கதிர்காமத்தம்பியின் வளவுக்கு வந்தார்கள். மஜீத் முதல் பாதையிலேயே வந்திருந்தார். விதைநெல் நிரம்பிய ஓலைப்பெட்டி முற்றத்தில் வெள்ளைத் துணிமேல் இருந்தது. கதிர்காமத்தம்பி குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கரப்பைக் கொப்பிலிருந்து இறக்கிக் கோணாமலையின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"விரிய இன்னும் கொஞ்சம் கிடக்கு. ஆனா வந்திட்டு எண்டுறத நீங்களே சொல்லுங்க."

கோணாமலை குனிந்தார். நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல நிமிர்த்தப் பார்த்தார். அது வரவில்லை. கரப்பின் பிரம்பில் ஒட்டி, பசை போட்டதைப் போலப் படிந்திருந்தது. மற்றதையும் தொட்டார். அதுவும் பிரம்பைக் கட்டிப் பிடித்திருந்தது. கோணாமலை நிமிர்ந்து மஜீத்தைப் பார்த்தார். மஜீத் குனிந்து பார்த்துவிட்டு மாமரத்தைப் பார்த்தார். எந்தப் பூத் தண்டும் இப்படிப் போய் ஒன்றைக் கட்டிப் பிடிப்பதில்லை.

கோணாமலைக்குச் சொல் நாக்கு நுனியில் நின்றது. ஆயினும் களவெட்டிச் சட்டத்தை மதித்து வளர்ந்தவர், இன்னொருவர் வளவில் அதை மீற அவரால் முடியவில்லை. அவர் மீசை மட்டும் துடித்தது. பின்னால் நின்ற ஒருவர் இருமினார். ஆச்சிப்பிள்ளை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கதிர்காமத்தம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கரப்புக்குள் பார்த்தார், கனநேரம்.

"வேர்," என்றார்.

அந்த வளவில் நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு பொருளின் சொந்தப் பெயர் கேட்டது அன்றுதான்.

"இது வேர். பூ இல்ல," என்று அவரே திருப்பிச் சொன்னார், தெளிவாக. "எத்தின நாளாத் தெரியும் ஆச்சி?"

"உப்பு வாங்கப் போன அண்டைக்கு முதலே," என்றாள் ஆச்சிப்பிள்ளை. சொல்லி முடியவில்லை, முந்தானை நழுவியது, சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்து அவளை அப்படியே தரையில் உட்கார்த்தியது. மஜீத் மாமரத்தைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு கதிர்," என்று யாரோ சொன்னார்கள். அதோடு முற்றம் முழுவதும் உடைந்தது.

கதிர்காமத்தம்பி சிரிக்கவில்லை. ஓலைப்பெட்டியைத் தூக்கிக் கோணாமலையின் கையில் வைத்தார். பேச்சுப் பேச்சுத்தான். வயலுக்குப் போகும் வழியில் அவர் எல்லோருக்கும் பின்னால் நடந்தார். அந்த இடத்தில் நடந்து அவருக்குப் பழக்கமில்லை. முன்னால் போகிறவர்களின் குதிகால்களை மிதித்துக்கொண்டு போனார்.

தலைமாட்டு வயலில் கோணாமலை இறங்கினார். கிழக்கே பார்த்து, வாயை மூடிக்கொண்டு முதல் பிடியை எறிய வேண்டும். விதை மண்ணில் விழும்வரை வாய் திறக்கக் கூடாது. கோணாமலை பிடி விதையை அள்ளினார். கையை ஓங்கினார். தோள் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். திரும்ப நிமிர்ந்தார், மூச்சை இழுத்தார், கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் கரப்பு வந்திருக்க வேண்டும். மூக்கால் ஒரு சத்தம் வந்தது, அதைத் தொடர்ந்து மற்றதெல்லாம் வந்தது. எத்தனையோ வருடம் காத்திருந்த மனிதன் நடுவயலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேரம் போகுது மச்சான்," என்றார்கள் வரம்பில் நின்றவர்கள், தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணா," என்றார் கோணாமலை. "என்னால ஒண்ணா. வேற ஆரும் எறிங்க."

பெட்டி வரம்பு வழியாகக் கைமாறியது. வாங்கிய ஒவ்வொருவரும் வாயை மூடிப் பார்த்தார்கள், திறந்துகொண்டது, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கடைசியில் நின்றவரிடம் வந்தது. அந்த வட்டையில் அன்று காலை சிரிப்பு வராத வாய் அவருடையது ஒன்றுதான்.

கதிர்காமத்தம்பி கோணாமலையைப் பார்த்தார்.

"எறிங்க," என்றார் கோணாமலை, மூச்சு வாங்கிக்கொண்டு. "பூக்காட்டி என்ன. காத்தில கிடந்த சாமானையே பிரம்புக்குள்ள வேர் விடப் பண்ணின கை. விதைக்கு வேற என்ன வேணும்? எறிங்க, நேரம் தப்பப் போகுது."

அவர் கிழக்கே திரும்பினார். வாய் இறுக்கமாக மூடியிருந்தது. விதை வளைந்து போய்ப் புழுதியில் விழுந்தது, வழக்கம்போலக் கொஞ்சம் கோணலாக. விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. வரம்பில் உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் திருநீற்றைக் கரைக்க, மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருட விளைச்சல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: பரவாயில்லை.

மார்கழியில், மழை விட்டிருந்த ஒரு காலை, கரப்பை எட்டிப் பார்த்த கதிர்காமத்தம்பி உள்ளே போய் ஆச்சிப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பழைய தண்டின் காயாத கணு ஒன்றிலிருந்து புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது. மேலே பார்த்தது.

"என்னகா இது? சட்டம் எல்லாம் எடுத்தாச்சு. உள்ளதச் சொல்லு."

ஆச்சிப்பிள்ளை நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கு என்ன தெரியும்," என்றாள். "கோணாமலை அண்ணனைக் கூப்பிடுங்க. வந்து இழுத்துப் பாக்கட்டும்."